வேனின் அடிப்பாகத்தை அரிக்கும் துரு

கூட்டுறவுச் சங்கங்களின் ஐந்தொகையில் ‘வாகனம்’ என்ற தலைப்பின்கீழ் ஆண்டுதோறும் தேய்மானம் என ஒரு தொகை கழிக்கப்படுவதை அங்கத்தினர்கள் அறிவார்கள். கணக்கர் ஒரே விகிதத்தில் அத்தொகையைக் கழித்துவிட்டு அடுத்த தலைப்புக்குச் சென்றுவிடுகிறார். அவர் செய்வது முறையே. ஆயினும் வாகனத்தின் மெய்யான தேய்மானம் ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து நடைபெறுவதன்று. அதில் பெரும்பகுதி எவர் கண்ணும் படாத இடத்தில், வண்டியின் அடியில், ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாதங்களில் நிகழ்ந்துவிடுகிறது. என்ஜின் இன்னும் பல்லாண்டு ஓடும் என்ற நிலையிலேயே சேஸிஸ் அரித்துப்போய்ப் பழைய இரும்பு விலைக்குப் போகும் வேன்களை நம் வட்டாரத்தில் காண்கிறோம். அதுகுறித்தே இம்மாதம் சற்று விரிவாக எழுத முற்பட்டுள்ளோம்.

நம் பகுதியில் வேன் செய்யும் வேலை என்ன என்பதை முதலில் நினைத்துப் பார்க்கவேண்டும். டாடா நிறுவனம் 2005ஆம் ஆண்டில் ‘ஏஸ்’ என்னும் சிறு சரக்கு வண்டியை வெளியிட்டது முதல், ‘குட்டியானை’ என்று மக்கள் பெயரிட்டழைக்கும் அவ்வகை வண்டிகள் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்களிலெல்லாம் நுழைந்துவிட்டன. செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயம் சந்தைக்குச் செல்வது அதிலேதான். வேப்பந்தட்டை, குன்னம் வட்டங்களின் பருத்தியும் மக்காச்சோளமும் களத்தை விட்டு வெளியேறுவதும் அதிலேதான். திரும்பி வரும்போது உரமூட்டை வருகிறது. ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் இலையூர், வாரியங்காவல் போன்ற நெசவூர்களுக்கு நூலைக் கொண்டு சேர்ப்பதும், நெய்த துணியை எடுத்துவருவதும் அத்தகைய வண்டியே. முதல் நாள் பொட்டாஷ் மூட்டையைச் சுமந்த வண்டி மறுநாள் துணிக்கட்டைச் சுமப்பதும் உண்டு. இந்தச் சேர்க்கையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிக்குமாறு வேண்டுகிறோம்.

‘கடலோரத்தில் அல்லவா இரும்பு துருப்பிடிக்கும், நமக்கு என்ன கவலை?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1914ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்த ரயில் பாலம் உப்புக்காற்றோடு நூறாண்டுக்கு மேல் போராடியது. துருவினால் வலுவிழந்த அதன்மீது 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது; பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொண்டு காரைக்குடியில் உருவாகி, 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்களின் அரிமானத்தைச் சோதிக்க மண்டபத்துக் கடலோரத்தில் ஒரு களத்தை அமைத்ததும் அக்காற்றின் கொடுமை கருதியே. நம் அரியலூரிலும் கடல் இருந்தது உண்மைதான். ஆனால் அது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய கதை. அக்கடல் விட்டுச்சென்றவை சுண்ணாம்புக்கல்லும் கல்லாகிப்போன கிளிஞ்சல்களுமே, உப்புக்காற்று அன்று. ஆகவே நம் ஊர் வேனின் கூரை மெதுவாகத்தான் துருப்பிடிக்கிறது. அடிப்பாகத்தின் நிலையோ வேறு. தன்னை அரிப்பதற்கு வேண்டிய ஈரத்தையும் உப்பையும் அது தானே சுமந்துகொண்டு திரிகிறது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து வேண்டும் என்பது பள்ளிப் பாடம். நீரில் உப்புக் கரைந்திருந்தால், இரும்பின் ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் இடையே சிறு மின்னோட்டம் எளிதாகப் பாய்கிறது; அவ்வளவுக்குத் துருவும் விரைகிறது. பள்ளிப் பாடத்தில் பெரும்பாலும் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் யூலிக் ஈவன்ஸ் என்ற அறிஞர் 1920களில், துலக்கிய இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீரை வைத்து ஆராய்ந்தார். காற்று மிகுதியாகக் கலக்கும் துளியின் ஓரத்தில் இரும்பு தப்பிவிட்டது. காற்றுக் குறைந்த நடுப்பகுதியில்தான் கரைந்தது. காற்றுப் படாத இடம் பத்திரமான இடம் என்று நாம் எண்ணியிருப்பதற்கு இது நேர்மாறு. வண்டியின் அடியில் ஒட்டிய சேற்றுக்கட்டி அத்துளி செய்யும் வேலையையே பெரிய அளவில் செய்கிறது. கட்டியின் ஓரம் காற்றாடுகிறது. நடுவில், ஈரமும் இருந்து காற்றும் குறைந்த இடத்தில், தகடு தின்னப்படுகிறது. சேற்றைப் பெயர்த்துப் பார்த்தால் விளிம்பில் வண்ணம் அப்படியே இருக்க, நடுவில் குழி விழுந்திருப்பதைக் காணலாம்.

நம் பக்கத்துக் கரிசல் மண்ணுக்கு இவ்விஷயத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதே அதன் சிறப்பு; மானாவாரிப் பருத்தி மழை நின்ற பின்னும் பசுமையாக நிற்பது அதனால்தான். பயிருக்கு நன்மையான அக்குணமே வண்டிக்குப் பகையாகிறது. செம்மண் சேறு காய்ந்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். கரிசலோ அப்பிக்கொண்டு, மேலே வெடித்த பின்னும் உள்ளே ஈரமாயிருக்கும். மட்கார்டின் உள்மடிப்பு, சேஸிஸின் நெடுஞ்சட்டமும் குறுக்குச் சட்டமும் சேரும் மூலை, பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் கொண்டி, டீசல் டாங்கியின் மேற்பக்கம், பிரேக் குழாயைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கிளிப் ஆகியவையே அது விரும்பிக் குடியிருக்கும் இடங்கள். இவற்றுள் கடைசியிற் சொன்னது சிறியதாயினும் மிக முக்கியமானது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

சேற்றைவிடக் கொடியது உரம். மியூரேட் ஆஃப் பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. அதாவது சமையல் உப்பின் உடன்பிறப்பு. கலப்பு உரங்கள் பலவற்றிலும் பொட்டாஷ் சத்து இவ்வுருவிலேயே சேர்க்கப்படுகிறது. அம்மோனியம் சல்பேட்டு ஈரத்தில் கரைந்தால் புளிப்புத்தன்மை காட்டி இரும்பைத் தாக்கும். மூட்டை கொக்கியில் கிழிந்தோ தையல் விட்டோ வண்டியின் தரையில் ஒரு பிடி உரம் சிந்துகிறது. இவ்வுரங்கள் காற்றிலுள்ள ஈரத்தைத் தாமே ஈர்த்து நீர்க்கும் இயல்புடையன; இருவகை உரம் கலந்து கிடந்தால் தனித்தனியே நீர்ப்பதைவிட எளிதில் நீர்த்துவிடும். அதற்கு மழை வேண்டியதில்லை, மார்கழிப் பனியே போதும். நீர்த்த உரம் தரைத்தகட்டின் போல்ட் துளை வழியாகவும் இணைப்பு வழியாகவும் இறங்கி, தகட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே தங்குகிறது. கழுவினாலும் அங்கே தண்ணீர் எட்டாது. வெயிலடித்தாலும் அங்கே காயாது. வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். அவ்வுப்பால் வண்டிச் சட்டங்கள் துளைபட்டு, அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனத்தின்மேல் வழக்கு நடந்து, 2016ஆம் ஆண்டில் சுமார் 15 லட்சம் வண்டிகளைக் குறித்து 340 கோடி டாலர் வரையில் மதிப்பிடப்பட்ட சமரசம் ஏற்பட்டது. அங்கே சாலையில் தூவுவதை நாம் வண்டிக்குள்ளேயே தூவிக்கொள்கிறோம், வேறுபாடு அவ்வளவே.

அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளின் பக்கம் ஓடும் வண்டிகளில் வெண்தூசி படிந்து கல்லாகிவிடுவதைக் கண்டு, துருவுக்கு அதுவே காரணம் என்று சிலர் கூறுவர். அது சரியன்று. சிமெண்டின் காரத்தன்மை இரும்பைக் காக்கவே செய்யும். கான்கிரீட்டுக்குள் கம்பி கெடாமல் இருப்பது அதனாலேயே. தீங்கு வேறு வழியில் வருகிறது. நீர் வடிவதற்காக விட்டிருக்கும் துளைகளை இறுகிய தூசி அடைத்துவிடுகிறது. உள்ளே புகுந்த மழைநீருக்கு வெளியேற வழியில்லை.

இனி, பிரேக் குழாய். பிரேக் எண்ணெயை முன்னிருந்து பின்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் எஃகுக் குழாய் சேஸிஸின் ஓரமாக ஓடுகிறது. சிறு வாகனங்களில் பெரும்பாலும் அதன் வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர், சுவரின் கனமோ 0.7 மில்லிமீட்டர்தான். அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அளவில் அழுத்தம் எழும்பக்கூடும். கிளிப்பின் அடியில் தங்கிய சேற்றால் அக்குழாயின் சுவர் பாதியாகத் தேய்ந்திருந்தாலும் சாதாரண ஓட்டத்தில் எந்த அறிகுறியும் தோன்றாது. அது வெடிப்பது ஓங்கி மிதிக்கும் அந்த ஒரு கணத்தில்தான். இரண்டு டன் பாரத்தோடு இறக்கத்தில் வரும் வண்டிக்கு அந்தக் கணத்தில் நேரக்கூடியதை விவரிக்கத் தேவையில்லை. துருவைப் பற்றிய பேச்சு பழைய இரும்பு விலையைப் பற்றிய பேச்சு மட்டுமன்று என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

நெசவாளர்களுக்கு வரும் நஷ்டம் வேறு வகையானது. துருவேறிய தரைத்தகட்டின்மேல் துணிக்கட்டோ நூல் சிப்பமோ வைக்கப்பட்டு, சிறிது ஈரமும் சேர்ந்தால், பழுப்புக் கறை ஏறிவிடும். அது சோப்புக்கோ சலவைச் சோடாவுக்கோ போகாது. பிளீச்சிங் பவுடர் போட்டால் இன்னும் உறுதியாகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைக்கும் வழக்கம் பலனளிப்பதே. கறை ஆழமானால் ஆக்சாலிக் அமிலம் வேண்டும். அது நஞ்சு, கையாள்பவர் எச்சரிக்கையாயிருத்தல் அவசியம். பட்டிலும் சாயத்துணியிலும் இவ்வுபாயங்களைச் செய்து பார்ப்பது கறையை நீக்கப்போய்ச் சாயத்தை இழப்பதாகவே முடியும். கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்றும் இருக்கிறது. கோரா நூலில் துருப்பொடி ஒட்டியிருந்து, அத்துணி ஹைடிரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கப்படுமானால், துருத்துகள் இருந்த இடத்தில் வினை மிகுந்து நூலிழை அற்றுப்போய், ஊசித்துளை விழும். தறிக்காரர் பூச்சி என்பார், வெளுப்பவர் தறிக்குற்றம் என்பார். குற்றவாளி வேனின் தரையிலேயே இருந்திருக்கலாம்.

இவ்வளவு இருந்தும் அடிப்பாகத்தை நாம் கவனிப்பது எப்போது? எஃப்.சி. எடுக்கும் வேளையில். சரக்கு வாகனத்துக்கு எட்டு ஆண்டு வயது வரை இரண்டாண்டுக்கொருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டும் என்பது விதி. அதற்கு முன்பாக வண்டி பட்டறைக்குப் போகிறது. ஓட்டை விழுந்த இடத்தில் தகட்டைப் பற்றவைத்து, அடிமுழுதும் கறுப்பு வண்ணம் அடித்து அனுப்புகிறார்கள். பளபளவென்றிருக்கும் அக்கறுப்பைக் கண்டு உரிமையாளரும் மகிழ்கிறார். அதற்குள்ளே சேறும் துருவும் இருந்தபடியே இருக்கின்றன. துரு என்பது தான் தோன்றிய இரும்பைப்போல் சில மடங்கு பருமன் கொள்ளும் பொருள். அது வளர வளர மேற்பூச்சைத் தள்ளிப் பிளக்கும். பிளவின் வழியே நுழைந்த நீர் பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவே சிறைப்படும். ஆகவே துருவின்மேல் அடித்த கெட்டிப் பூச்சு வெறுந்தகட்டை விடவும் தீங்கானது என்று நாம் துணிந்து சொல்வோம். வெறுந்தகடு வெயில் பட்டால் காயவாவது செய்யும். பூச்சின் கீழே இருப்பது காயாது, கண்ணுக்கும் தெரியாது.

எனவே முதல் வேலை பூசுவதன்று, பார்ப்பது. வண்டியைப் பள்ளத்தின்மீதோ ரேம்ப்பின்மீதோ நிறுத்திப் பார்க்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் படுக்கலாகாது. ஒரு சிறு சுத்தியும் திருப்புளியும் போதும். குடம் வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோலச் சட்டத்தைத் தட்டிக்கொண்டே வந்தால், கெட்டியான இடத்தில் கணீரென்றும் அரித்த இடத்தில் பொத்தென்றும் ஒலிக்கும். ஐயமான இடத்தைத் திருப்புளியால் அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும். மேலே செம்பொடியாக மட்டும் இருப்பது அச்சப்படத்தக்கதன்று. ஏடு ஏடாகப் பெயர்வதும், இரு தகடுகளின் நடுவே துரு புடைத்து அவற்றை விலக்குவதுமே அபாயக் குறிகள். பிரேக் குழாயைக் கிளிப்பிலிருந்து கழற்றிப் பார்க்கவேண்டும். சொரசொரப்பாகக் குழி விழுந்திருந்தால் துலக்கிப் பூசுவது வீண், குழாயையே மாற்றவேண்டும். நெடுஞ்சட்டத்தில் ஓட்டை விழுந்திருந்தால் அதுவும் பூச்சு வேலையன்று. விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டியாகவேண்டும்.

அடுத்தது கழுவுதல். வாட்டர் சர்வீஸில் அடியை விட்டு வெளிப்புறத்தை மட்டும் கழுவி அனுப்பும் வழக்கம் மிகுதி. காசு கொடுப்பவர் கீழே குனிந்து கேட்கவேண்டும். கட்டி தட்டிய கரிசலை நேரே பீய்ச்சி அடிப்பதைவிட, முந்தின நாளே நனைத்து ஊறவிட்டு, மரச்சீவலால் பெயர்த்து, பிறகு நீரடித்தல் நன்று. உரமேற்றிய வண்டிக்கு உள்தரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிக் கழுவவேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்குமானால் கடைசி அலசலையாவது நல்ல நீரில் செய்யவேண்டும். வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறப்பதை மறக்கலாகாது.

அதன்பின் உலர்த்துதல். இதில்தான் அனைவரும் அவசரப்படுகிறார்கள். காலையில் கழுவி மாலையில் பூச்சடித்தால் மடிப்புகளுக்குள் இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைத்ததாகும். நம் வெங்காயக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெங்காயப் பட்டறையைத் தரையோடு போடாமல் கல்லும் கம்பும் வைத்துத் தூக்கிப் போடுவதும், அடியில் காற்றுப் புகுந்து ஓட வழி விடுவதும் எதற்காக? மேலே கூரை எவ்வளவு நன்றாயிருந்தாலும் அடியில் காற்றோட்டமில்லாவிட்டால் வெங்காயம் அழுகும் என்ற அனுபவத்தால் அல்லவா? வேனுக்கும் அதே நியாயம். கழுவிய வண்டியை ஒரு நடை வெறுமையாக ஓட்டிவிட்டு, ஈரத் தரையிலோ புல்லிலோ நிறுத்தாமல், கெட்டித் தரையில் இரண்டு நாள் வெயிலிலும் காற்றிலும் விடவேண்டும். அம்மியையே பறக்கடிக்கும் என்று பெயர்பெற்ற ஆடிக்காற்று இதற்கு வாய்த்த காலம். மானாவாரி விதைப்புக்கு உரம் ஏற்றும் அலைச்சல் அப்போது இன்னும் தொடங்கியிராது, வண்டிக்கும் ஓய்வுண்டு.

உலர்ந்திருத்தலின் பெருமைக்குத் தில்லி இரும்புத் தூணே சாட்சி. சுமார் 1600 ஆண்டுகளாகத் திறந்தவெளியில் நின்றும் அது துருவால் அழியவில்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் இரா. பாலசுப்பிரமணியம் அதனை ஆராய்ந்து, அவ்விரும்பில் கலந்துள்ள மிகுதியான பாஸ்பரஸால் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகியிருப்பதை விளக்கினார். அப்படலம் உருவாவதற்கு நனைவதும் காய்வதும் மாறிமாறி நிகழவேண்டும். மண்ணுக்குள் புதைந்து ஈரம் காயாமல் இருந்த தூணின் அடிப்பகுதி மட்டும் துருவுக்குத் தப்பவில்லை. அத்தகைய இரும்புக்கே அடிப்பாகம் தொல்லையாயிற்று என்றால் நம் வேனின் எஃகைப் பற்றி என்ன சொல்வது! பாஸ்பரஸ் மிகுந்தால் எஃகு நொறுங்கும் தன்மை அடையுமாதலால் இக்காலத்து எஃகில் அதனைக் குறைத்தே வைக்கிறார்கள். ஆகவே காப்பை நாம் வெளியிலிருந்து தரவேண்டியிருக்கிறது.

தளர்ந்த துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் நீக்கவேண்டும். குழிகளுக்குள் எஞ்சும் துருவை என்ன செய்தாலும் முழுதும் எடுக்க இயலாது. அதற்குத் ‘துருமாற்றி’ என்று கடைகளில் விற்கும் திரவம் பயன்படுகிறது. தடவிய சில மணி நேரத்தில் செம்பழுப்புத் துரு கறுப்பாக மாறும். சாயத்தொழில் அறிந்த அங்கத்தினர்களுக்கு இதில் வியப்பு இராது. கடுக்காய் நீரில் தோய்த்த துணியின்மேல், வெல்லத்தோடு இரும்புத் துண்டுகளை ஊறவைத்த நீரைத் தீட்டிக் கறுப்பு வரவழைப்பது கலம்காரிக்காரர்களின் பழைய வித்தை. கடுக்காயிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின் இரும்போடு கூடிக் கரையாத கறுப்புப் பொருளாகிறது. பெரும்பாலான துருமாற்றிகளில் இருப்பதும் இந்த டானினோ, பாஸ்பாரிக் அமிலமோ, இரண்டுமோ ஆகும். அப்படியானால் வீட்டிலேயே கடுக்காயை இடித்துக் காய்ச்சித் தடவலாமே என்று கேட்கலாம். நிறம் மாறும், ஆனால் ஒட்டிப் படலமாக நிற்பதற்கான பசைப்பொருள் அதில் இல்லை. விலைக்கு வாங்கும் திரவத்திலுங்கூட ஏடு ஏடான துருவின்மேல் தடவுவது பயன்படாது. மேலேடு மட்டும் கறுத்து, கீழே பழைய கதையே நடக்கும்.

துலக்கிய இரும்புக்குப் பிரைமர் வேண்டும். ‘ரெட் ஆக்சைடு’ என்று கேட்டால் கடைக்காரர் மலிவான ஒன்றை எடுத்துத் தருவார். அதன் செந்நிறப் பொடி, வேதியியல்படி பார்த்தால், துருவின் நெருங்கிய உறவே. நீரைத் தடுக்குமே தவிர அரிமானத்தை எதிர்க்கும் ஆற்றல் அதற்கில்லை. துத்தநாகப் பாஸ்பேட்டு சேர்ந்த பிரைமரைக் கேட்டு வாங்கவேண்டும். பற்றவைத்த இடங்களில் தகட்டின் பழைய துத்தநாகப் பூச்சு வெந்து போயிருக்கும். அவ்விடங்களுக்குத் துத்தநாகம் மிகுந்த வண்ணம் நல்லது. இரும்புக்கு முன்னே துத்தநாகம் தன்னையே அரிக்கக் கொடுத்து இரும்பைக் காக்கும். வண்டி வாங்கிய பின் வெளியில் கட்டும் பாடிகளில், பாடியைச் சேஸிஸோடு சேர்க்கும் இடங்களே இவ்வகையில் முதலில் கெடுகின்றன. பாடி கட்டும் நாளிலேயே அருகிருந்து அவ்விடங்களுக்குப் பூச்சு வாங்கிவிடுதல் உத்தமம்.

அதற்குமேல் இருவகைக் காப்புகள் விற்கின்றன. ஒன்று, தாரும் ரப்பரும் சேர்ந்து இறுகும் கனத்த பூச்சு. மற்றொன்று, மெழுகு, எண்ணெய், ஆட்டு உரோமத்தினின்று எடுக்கும் லானோலின் கொழுப்பு போன்றவற்றாலாகி இறுகாமல் இருக்கும் பூச்சு. முன்னது புதிய வண்டிக்கு நல்லது. கல் தெறித்தாலும் தாங்கும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல வெடித்துவிடும். பின்னது இடுக்குகளுக்குள் தானே ஊர்ந்து செல்லும், கீறல் விழுந்தாலும் ஓரளவு மூடிக்கொள்ளும். கழுவக் கழுவக் குறையுமாதலால் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். பழைய வண்டிக்கு எதுவென்று கேட்டால் இரண்டாவதையே நாம் சொல்வோம். கீழே என்ன நடக்கிறது என்பதை அது மறைப்பதில்லை. பெட்டிபோல் மூடிய சட்டங்களின் உட்புறத்துக்கும், கதவின் கீழ்மடிப்புக்கும் மெழுகுவகையே ஏற்றது. நீண்ட குழல் வைத்த தெளிப்பானை வடிதுளை வழியே செலுத்தி உள்ளே தெளிப்பார்கள். பின்பு அத்துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பழைய என்ஜின் ஆயிலை டீசலோடு கலந்து அடியில் பீய்ச்சுவது லாரிக்காரர்களின் நெடுநாள் வழக்கம். ஒன்றுமில்லாததற்கு அது மேல் என்று சிலர் வாதிப்பர். ஓடிக் கழித்த எண்ணெயில் அமிலப் பொருள்களும் கரியும் உண்டு. ரப்பர் புஷ்களை அது ஊதவைக்கும். தூசியைச் சேர்த்துப் பிசுக்காக்கும். வயலிலும் கிணற்றோரத்திலும் சொட்டி மண்ணைக் கெடுக்கும். நூலும் துணியும் ஏற்றும் வண்டிக்கு அது சிறிதும் ஆகாது. எண்ணெய்தான் அடிக்கவேண்டும் என்றால், புதிய எண்ணெயாகவே சிறிதளவு வாங்கி, ரப்பர் பாகங்களை விலக்கி அடித்துக்கொள்ளலாம். சங்கம் அதனால் ஏழையாகிவிடாது.

பூசக்கூடாத இடங்களையும் சொல்லியாகவேண்டும். சைலன்சரிலும் அதன் குழாயிலும் எப்பூச்சும் படலாகாது. சூடேறினால் புகையும், தீயும் பற்றலாம். பிரேக் டிரம், டிஸ்க், ரப்பர் ஹோஸ், புரொப்பல்லர் ஷாப்ட், கியர்பாக்ஸின் காற்றுத்துளை ஆகியவற்றைத் துணியோ தாளோ சுற்றி மறைத்த பிறகே வேலையைத் தொடங்கவேண்டும். பாட்டரியால் ஓடும் வண்டியானால், அடியில் செல்லும் ஆரஞ்சு நிற மின்கம்பிகளை எவரும் தொடலாகாது. கம்பெனிப் பட்டறையிலேயே அவ்வேலையைச் செய்வித்தல் நன்று. பூச்சடித்த வண்டியில் பின்னர்ப் பற்றவைக்க நேர்ந்தால், அவ்விடத்துப் பூச்சை நன்றாகச் சுரண்டிவிட்டுத்தான் பற்றவைக்கவேண்டும்.

இவையெல்லாம் ஆண்டுக்கொருமுறை செய்வன. நாள்தோறும் செய்வது மிகச் சிறிது. உரம் ஏற்றும் முன் தரையில் கெட்டியான தார்ப்பாயை விரித்து, இறக்கிய பின் அதை நான்கு மூலையும் சேர்த்துத் தூக்கி வெளியில் உதறவேண்டும். சிந்தியதை ஈரத் துடைப்பத்தால் பெருக்காமல் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவேண்டும். துணியும் நூலும் ஏற்றும் நாளில் வேறொரு சுத்தமான விரிப்பு வேண்டும். உர விரிப்பையே திருப்பிப் போடுவது கூடாது. இரண்டுக்கும் வெவ்வேறு நிறம் வைத்துவிட்டால் ஓட்டுநர் தவறமாட்டார். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மட்கார்டின் உள்மடிப்பில் கையை விட்டுச் சேற்றைத் தோண்டிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. மெழுகுப் பூச்சு அடித்த வண்டியில் வாடை அடங்க நான்கைந்து நாளாகும். அதுவரை உரமோ மக்காச்சோளமோ ஏற்றிக்கொண்டு, பட்டுக்கட்டுகளுக்கு வேறு வண்டியை அமர்த்திக்கொள்ளலாம்.